ஜூனில் நட்டதும் புரட்டாசியில் நட்டதும்: வேளச்சேரிப் பூங்கா ஒன்றில் தன்னார்வத் தோட்டக்காரர் பயிற்சி

2022 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை. உலகச் சுற்றுச்சூழல் நாள். எங்கள் குடியிருப்பை ஒட்டிய பூங்காவில் அன்று காலை 24 மரக்கன்றுகள் நட்டோம். செப்டம்பர் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது 7 மட்டும் நின்றன. மற்ற 17 ஏன் செத்தன என்று தேடப் போனதில்தான் இங்கே சொல்லப்போகும் பயிற்சி உருவானது. இரண்டு ஆண்டுகளில் என்ன செய்தோம், எது பிழைத்தது, எது இன்னும் சரியாகவில்லை என்பதை, தங்கள் தெருவில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஒருங்கிணைத்தவர்களில் நானும் ஒருவன். தோட்டக்கலை படித்தவன் அல்ல.

இடமும் ஆட்களும்

பூங்கா ஆறு கிரவுண்டு இருக்கும். மனைப்பிரிவு போட்டபோது பொது இடமாக விடப்பட்டது. சுற்றி நடைபாதை, நடுவில் ஊஞ்சல், வாசலில் வரிசையாகப் பழைய புங்க மரங்கள், ஒரு மூலையில் தூங்குமூஞ்சி மரம். மதிலுக்கு அந்தப் பக்கம் அங்கன்வாடி. வாசல் புங்கனின் நிழலில் ஒரு இஸ்திரி வண்டி.

வேளச்சேரி பள்ளமான பகுதி. இங்கே விழும் மழை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கித்தான் ஓட வேண்டும். 2015 வெள்ளத்தில் இந்தத் தெருக்களில் படகு ஓடியது. பூங்காவின் தரையை மேடாக்க எப்போதோ கட்டட இடிபாட்டைக் கொட்டி மேலே கொஞ்சம் செம்மண் பரப்பியிருக்கிறார்கள். ஓரடி தோண்டினால் செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, உடைந்த டைல்ஸ். அதற்குக் கீழே ஒட்டும் களிமண். சிமென்டும் சுண்ணாம்பும் கலந்த மண் காரத்தன்மை கொண்டது. அதில் இரும்புச்சத்து இருந்தாலும் வேர் எடுத்துக்கொள்ள முடியாது. இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பூங்காவைக் கவனித்துக்கொள்ள ஒப்பந்தப் பணியில் ஒரு அக்கா இருக்கிறார். பெருக்குவது, தண்ணீர் விடுவது, வெட்டிவிடுவது எல்லாம் அவர் ஒருவரே. திருவண்ணாமலைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஜூன் 5 காலையில் நாங்கள் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "கத்திரி முடிஞ்சு ஒரு வாரம்தான் ஆவுது சார். மண்ணு இன்னும் சுடுது. மழ புடிக்கட்டும், அப்புறம் நடலாமே." யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேனர் கட்டியாகிவிட்டது, படம் எடுக்க ஆள் வந்தாகிவிட்டது.

செத்த கன்றுகளைத் தோண்டினோம்

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, செத்த 17 கன்றுகளையும் ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தோம். எட்டுப் பேர் வந்திருந்தோம். இந்தப் பயிற்சியின் மிக நல்ல வகுப்பு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அன்று ஆசிரியர் என்று யாரும் கிடையாது.

முதல் குழியிலேயே நர்சரியின் கருப்புக் கவர் வந்தது. கவரைக் கிழிக்காமல் அப்படியே புதைத்திருந்தார்கள். இப்படி ஐந்து. கவருக்குள்ளேயே வேர் சுருண்டு சுருண்டு பம்பரக் கயிறுபோல ஆகியிருந்தது. இன்னொரு நாலு கன்றுகளைத் தேவைக்கு மேல் ஆழமாக வைத்து, தண்டின் மேல் அரையடிக்கு மண் ஏற்றியிருந்தார்கள். மண் மூடிய இடத்தில் பட்டை அழுகியிருந்தது. மீதி எட்டில் நடவுத் தவறு எதுவும் தெரியவில்லை. ஆனால் வேர் கவர் அளவிலேயே நின்றுவிட்டது, சுற்றிலும் இடிபாடு. குழியும் பூச்சட்டி அளவுதான். தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அது மேல் மண்ணை நனைத்து, வெயில் ஏறுவதற்குள் ஆவியாகிப் போயிருக்கிறது.

ஆக, நட்ட ஆட்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. தினமும் தண்ணீர் ஊற்றியவர்கள்தான் அவர்கள். நடுவது எப்படி, எப்போது, நட்ட பிறகு யார் பார்ப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவ்வளவுதான்.

அன்று அங்கேயே நின்று ஒரு முடிவு எடுத்தோம்: இந்த மழைக்காலத்தில் எதுவும் நடுவதில்லை. குடியிருப்பில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. மழை வரும்போது நடாமல் வேறு எப்போது நடுவது என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் மண்ணைத் தெரியாமல் இன்னொரு 24 கன்றைக் கொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. 2022 வடகிழக்குப் பருவமழை முழுக்க, பெரிய மழை பெய்த ஒவ்வொரு முறையும் மறுநாள் காலை ஒருவர் போய் எங்கே தண்ணீர் நிற்கிறது, எத்தனை நாளில் வடிகிறது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் படம் வரைந்து வந்தார். ஜனவரியில் அந்த நோட்டைப் பார்த்தபோது, பூங்காவின் தென்மேற்கு மூலையில் ஒவ்வொரு மழைக்கும் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிற்பது பளிச்சென்று தெரிந்தது. ஜூனில் நாங்கள் வேம்பு நட்டது அந்த மூலையில்தான்.

பயிற்சியை அமைத்த விதம்

யோசனை ஒன்றை அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொண்டோம். வாஷிங்டன் மாநிலத்தில் வீட்டுத்தோட்டம் வைப்பவர்களின் கேள்விகளுக்குப் பல்கலைக்கழக விரிவாக்க அலுவலர்களால் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் 1973-ல் மாஸ்டர் கார்டனர் என்ற திட்டம் தொடங்கியது. பொதுமக்களில் விருப்பமுள்ளவர்களுக்குப் பல்கலைக்கழகம் தோட்டக்கலை கற்றுத் தரும். கற்றவர்கள் அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட மணி நேரம் ஊருக்கு உழைக்க வேண்டும். அந்தக் கொடுக்கல் வாங்கல் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர்களுடைய பாடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே செடி ஓய்வெடுப்பது பனிக்காலத்தில், இங்கே கத்திரி வெயிலில். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1400 மில்லிமீட்டர் என்றால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மூன்று மாதத்தை மையமாக வைத்துத்தான் எங்கள் பாடத்தைப் போட முடியும்.

2023 ஆடியில் பயிற்சி அணி தொடங்கியது. பன்னிரண்டு வகுப்புகள், கட்டணம் கிடையாது. பதிலுக்கு 40 மணி நேரச் சேவை, அதில் 15 மணியாவது ஏப்ரல், மே மாதங்களில் இருக்க வேண்டும் என்று விதி வைத்தோம். இந்த விதிக்காகவே இரண்டு பேர் சேராமல் போனார்கள். பரவாயில்லை. கன்று சாவது அந்த இரண்டு மாதத்தில்தான், அப்போது வராத ஆள் அக்டோபரில் வந்து நட்டுவிட்டுப் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பதினொரு பேர் சேர்ந்தார்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர், இல்லத்தரசிகள் நாலு பேர், ஐ.டி. வேலையில் மூன்று இளைஞர்கள், இரண்டு கல்லூரி மாணவிகள், ஒரு ஆட்டோ ஓட்டுநர். வகுப்பு எடுக்க யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சு வந்தபோது ரயில்வேக்காரர்தான் சொன்னார், "அந்தம்மா பேச்ச அன்னிக்கே கேட்டிருந்தா இவ்ளோ கன்னு போயிருக்காது. அவங்களயே கேப்போம்."

அக்கா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் கூச்சம் என்று நினைத்தோம். ஒரு வாரம் கழித்து அந்த இல்லத்தரசிகளில் ஒருவரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார்: "நீங்க எல்லாரும் சும்மாவே வேல செய்ய வந்துட்டீங்கன்னா, என்ன எதுக்கு வெச்சிக்குவாங்கக்கா?"

இதை நாங்கள் யோசித்திருக்கவே இல்லை. பொதுப் பூங்காவில் தன்னார்வலராகப் போகும் எவரும் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். சம்பளத்துக்கு ஒருவர் செய்யும் வேலையை இலவசமாகச் செய்வது சேவை ஆகாது. அதற்குப் பிறகு வேலைகளைப் பிரித்து எழுதி, சாமான் அறைக் கதவில் ஒட்டினோம். பெருக்குவது, புல்லுக்கும் பூச்செடிக்கும் தண்ணீர் விடுவது, வேலி வெட்டுவது அக்காவின் வேலை, அதில் யாரும் கை வைக்கக் கூடாது. புது மரக்கன்றுகள், இலை உரம், அங்கன்வாடிப் பாத்தி, அக்கம்பக்கத்து வீடுகளின் செடிகள் இவை எங்கள் பொறுப்பு. வகுப்பெடுக்கும் நாட்களுக்குக் குடியிருப்போர் சங்க நிதியிலிருந்து அவருக்கு ஊதியம். அதன் பிறகுதான் அவர் மனம் விட்டுப் பேசத் தொடங்கினார்.

வகுப்புகளில் நடந்தது

மண்: ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களி மறுநாள் வரை கலங்கியே நிற்கும். எங்கள் பாட்டில் இரண்டு நாள் தெளியவில்லை. அடுத்து, ஓரடிக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி, வடியும் நேரத்தைப் பார்ப்பது. தென்மேற்கு மூலையில் மாலை ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலையிலும் பாதி நின்றது.

குழி: இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. கடப்பாரை பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு குழிக்கு ஒரு காலை முழுக்க ஆனது. இடிபாட்டைப் பொறுக்கி அப்புறப்படுத்தி, மேல் மண்ணையும் அடி மண்ணையும் தனித்தனியாகக் குவித்து, மேல் மண்ணோடு மக்கிய உரம் கலந்து, புரட்டாசி வரை குழியை ஆறப்போட்டோம். அக்கா ஒவ்வொரு குழியிலும் இறங்கி மிதித்துப் பார்த்தார்.

இலை உரம்தான் நீண்ட கதை. பூங்காவில் விழும் இலைகளைக் கம்பி வலைக் கூண்டுகளில் போட்டோம். காய்ந்த இலை மூன்று பங்கு, பச்சைக் கழிவு ஒரு பங்கு, நடுநடுவே கொஞ்சம் சாணக் கரைசல். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை புரட்டினால் சென்னைச் சூட்டுக்கு மூன்று மாதத்தில் மக்கிவிடும். முதலில் குழியில் மக்க வைக்கலாம் என்று நினைத்தோம். மழைநீர் வரைபட நோட்டு அதைத் தடுத்தது.

நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் சிலர் புகார் சொன்னார்கள். மரத்தடியில் இலை மூடாக்குப் போட்டால் குப்பையாகத் தெரிகிறது, பூச்சி பொட்டு வரும் என்று. அவர்களில் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு நாள் கிண்டி தேசியப் பூங்காவுக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் காடு அது, கடற்கரைப் பகுதிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு. அங்கே இலையை யாரும் கூட்டுவதில்லை. அடியில் கையை விட்டுப் பார்த்தால் மண் பொலபொலவென்று ஈரமாக இருக்கிறது. திரும்பி வந்த பிறகு ஒருவர் புகாரை விட்டுவிட்டார். இன்னொருவர் விடவில்லை. அவருக்காக நடைபாதையை ஒட்டிய மரங்களுக்கு மட்டும் மூடாக்கைச் சுற்றிச் செங்கல் வரம்பு கட்டினோம். சரி, அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

செடி பார்க்கும் மேசை

அக்டோபரிலிருந்து மாதம் இரு ஞாயிறு, காலை ஏழு முதல் ஒன்பது வரை இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தோம். வீட்டில் நோய்ப்பட்ட செடி இருந்தால் ஒரு கிளையைக் கொண்டு வரலாம். தெரியாத நோய்க்குத் தெரியாது என்று சொல்லி, படம் எடுத்துத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுப் பதில் தர வேண்டும் என்பது விதி.

அதிகம் வந்த நோயாளி துளசி. இலை ஓரம் கருகி, நுனி காய்ந்து வரும். மூன்றாவது துளசி வந்தபோது ஒரு மாணவி, "வீட்ல ஆர்.ஓ. இருக்கா ஆண்ட்டி? அதுல வெளிய வர்ற தண்ணிய என்ன பண்றீங்க?" என்று கேட்டார். வீணாக்க வேண்டாமே என்று செடிக்குத்தான் ஊற்றுகிறார்களாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு முன்பைவிடச் செறிந்திருக்கும். அது சிறு தொட்டியில் சேரச் சேர வேர் கருகும். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, செடிக்கு அதை ஊற்றலாம். இந்த ஒரு தகவலால் எங்கள் தெருவில் எத்தனை துளசி தப்பித்தது என்று நான் கணக்கு எடுக்கவில்லை, ஆனால் மேசைக்கு வருவது குறைந்துவிட்டது.

அடுத்தது செம்பருத்தியில் வெள்ளை மாவுப்பூச்சி. வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கச் சொல்வோம். எறும்பை முதலில் விரட்ட வேண்டும், மாவுப்பூச்சியைக் காவல் காப்பதே எறும்புதான். கடும் பூச்சிக்கொல்லி கேட்டு வருபவர்களுக்கு ஆட்டோ அண்ணன் ஒரு கதை சொல்வார், வகுப்பில் கேட்டது. 2008-ல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாடெங்கும் பரவியது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சிறிய ஒட்டுண்ணிக் குளவியை விட்ட பிறகுதான் அடங்கியது. மருந்தடித்தால் அந்தக் குளவியும் சாகும். அவர் சொன்னால் ஜனங்கள் கேட்கிறார்கள்.

தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரை வாரம் ஒரு முறை கவிழ்க்கச் சொல்வதும் மேசையின் வேலை. டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும்.

அங்கன்வாடிப் பாத்தி எளிதாக நடந்தது. பத்தடிக்கு மூன்றடியில் இரண்டு பாத்தி, விதையை மணலோடு கலந்து தூவினோம், 25 நாளில் சிறுகீரை பறித்து அங்கேயே சமைத்தார்கள். அடுத்து அரைக்கீரை. வெட்ட வெட்டத் துளிர்ப்பதால் ஆயாம்மாவுக்கு அதுதான் பிடித்திருந்தது.

நடவும் அதற்குப் பின்னும்

2023 புரட்டாசி கடைசி ஞாயிறு 16 கன்றுகள் நட்டோம். பேனர் இல்லை. பள்ளமான மூலைக்கு நீர்மருதும் பூவரசும். மேட்டில் சரக்கொன்றை, மகிழம், புங்கன். வேம்பு வேண்டாம் என்று நோட்டு சொன்னது. ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் வேப்பங்காற்று வேண்டும் என்று சில பெரியவர்கள் ஆசைப்பட்டுக் கேட்டதால், பள்ளத்தின் ஓரத்தில் இரண்டு வைத்தோம். மறுக்க முடியாமல் போனது எங்கள் தவறு.

அந்த அக்டோபரில் எதிர்பார்த்த மழை பெய்யவில்லை. பக்கெட் எடுத்தோம். கன்றுக்கு ஒரு பக்கெட், சுமார் 15 லிட்டர், வாரம் இரு முறை, வட்டப் பாத்தியில் மெதுவாக ஊற்ற வேண்டும். தினம் ஒரு சொம்பு என்ற பழைய வழக்கத்துக்கு யாரும் திரும்பவில்லை.

டிசம்பர் 3, 4-ல் மிக்ஜாம் புயல் மழை. பூங்காவில் நாலு நாள் தண்ணீர் நின்றது. அந்த நாட்களில் தோட்டம் யாருக்கும் நினைவில் இல்லை. வீடுகளுக்குள் தண்ணீர், மின்சாரம் இல்லை, பால் இல்லை. அணியில் இருந்தவர்கள் தரைத்தளத்து முதியவர்களை மாடிக்கு ஏற்றினார்கள், அங்கன்வாடியின் அரிசி மூட்டையை மேலே தூக்கி வைத்தார்கள். ஒருவரை ஒருவர் தெரிந்து வைத்திருந்ததால் அது சீக்கிரம் நடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் நீர்மருதும் பூவரசும் ஒன்றும் நடக்காததுபோல நின்றன. இரண்டு வேம்பும் ஒரு மகிழமும் இலை தொங்கி, ஜனவரிக்குள் செத்தன.

பிறகு கோடை. ஏப்ரலில் முறை வைத்து எல்லாரும் வந்தார்கள். மே மாதம் பள்ளி விடுமுறையில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். நாங்கள் போட்ட அட்டவணையில் இதற்கு இடமே இல்லை. அந்த மூன்று வாரமும் விடுபட்ட முறைகளைச் செய்தது இஸ்திரிக்கார அண்ணன். வகுப்பில் சேராதவர், ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் நடந்த ஒவ்வொரு மேசைப் பேச்சையும் கேட்டவர். ஊரிலிருந்து திரும்பிய பிறகுதான் எங்களுக்குத் தெரியும். 2024 ஜூன் முடிவில் 16-ல் 12 உயிரோடு இருந்தன.

பதினொரு பேரில் 40 மணி நேரத்தை முடித்தவர்கள் ஏழு பேர். ஐ.டி. இளைஞர்கள் மூவரும் ஷிப்ட் மாறியதால் நின்றுவிட்டார்கள். ஞாயிறு காலை ஏழு மணி என்பது சமையலறையில் நிற்பவர்களுக்கு ஒத்துவராத நேரம். இல்லத்தரசிகளில் ஒருவரை அதனால் இழந்தோம். ஆறாவது வகுப்போடு சனி மாலை நாலரைக்கு மாற்றினோம், முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இன்னொரு குறையும் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அறிவிப்பை அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் மட்டுமே போட்டோம். பூங்காவுக்குப் பின் தெருவில், ஒண்டுக் குடித்தன வீடுகளில், கிராமத்தில் நிலம் பார்த்துவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்தியே போகவில்லை.

அடுத்த அணிக்கு அறிவிப்பை ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் ஒட்டினோம். 14 பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் பெயர் இஸ்திரி அண்ணனுடையது. 2024 ஆடியில் முதல் வகுப்பு. செத்த இரண்டு வேம்பையும் அதற்காகவே தோண்டாமல் விட்டு வைத்திருந்தோம். அக்கா கடப்பாரையை நீட்டினார்.